தானசிந்தாமணி அத்திமப்பே அம்மையார்

அருகப் பெருமான் அருளிய நல்லறம் முனிவர், ஆர்யிகையர், சிராவகர், சிராவிகையர் என்னும் நால்வகைச் சங்கத்தால் நிலைபெற்று வருவது. இந்நால்வருள் முனிவர் பெருமக்களின் வரலாறுகளைப் பட்டாவளிகள் பேணி வைத்துள்ளன. மன்னர், தண்டநாயகர் முதலிய சிராவகரின் கொடைகளைக் கல்வெட்டுகள் பறைசாற்றுகின்றன. இல்லத்தில் இருந்துகொண்டே நோன்பு நோற்று, மக்களை வளர்த்து, ஆகார தானமும் சாஸ்திர தானமும் இடையறாது செய்து அறம் காத்த சிராவிகையரின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்தொழிந்தன. அவ்வாறு மறையாமல் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் ஒளிவீசும் பெயர்களுள் ஒன்று அத்திமப்பே என்பது. கன்னட நாட்டில் இல்லறத்தில் வாழ்ந்த இவ்வம்மையாரின் வரலாற்றை நம் இல்லத்துப் பெண்மணிகளும் இளைஞரும் அறிந்து பயன்பெறுமாறு இம்மலரில் வரைகின்றோம்.

பிறந்த குடி

கி.பி. பத்தாம் நூற்றாண்டில் வேங்கி நாட்டைச் சேர்ந்த கம்மெ நாட்டில் புங்கனூர் என்னும் ஊரில் நாகமய்யர் என்பவர் வாழ்ந்தார். அவர் கௌண்டின்ய கோத்திரத்து அந்தணர். சமண அறத்தைத் தழுவியவர். அவருக்கு மல்லபய்யர், புன்னமய்யர் என மைந்தர் இருவர் தோன்றினர். இருவரும் வாள் ஏந்தும் தொழிலினர். ஆயினும் சினாகமத்திலும் இலக்கியத்திலும் அளவிறந்த ஈடுபாடு உடையவர்கள். தம் குருவாகிய சினசந்திர தேவரின் நினைவாக ஓர் அறச்செயல் செய்யக் கருதிய அவ்விருவரும், கோயில் எழுப்புவதற்கு முன் ஒரு காவியம் எழுதுவிக்க விரும்பினர். அக்காலத்து இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருட்டிணனின் அவையில் உபயகவி சக்கரவர்த்தி என்னும் பட்டம் பெற்று விளங்கிய பொன்னர் என்னும் பெரும்புலவரை வேண்டினர். அதன் பயனாகத் தோன்றியது பதினாறாம் தீர்த்தங்கரராகிய சாந்திநாதரின் வரலாற்றைக் கூறும் சாந்திபுராணம்.

மல்லபய்யரின் திருமகளே அத்திமப்பே. குண்டமப்பே என்னும் தங்கையும் அவருக்கு இருந்தார். போருக்குச் செல்லும் தந்தையும் சிற்றப்பனும் வீடு திரும்பியதும் சுவடியை விரித்துப் பொருள் கேட்கும் இல்லம் அது. அத்தகைய இல்லத்தில் வளர்ந்த பெண்மகளுக்கு ஏடும் அறமும் வெவ்வேறாகத் தோன்றியிருக்க இயலாது. தந்தையின் வீட்டில் பிறந்த அந்நூலே, பின்னாளில் மகளின் கையால் அழிவினின்று காக்கப்பட்டது என்பதை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

புகுந்த குடி

கி.பி. 973இல் இராட்டிரகூடர் ஆட்சி வீழ்ந்தது. ஆகவமல்லன் என்னும் விருதுடைய இரண்டாம் தைலபன் சாளுக்கியர் ஆட்சியை மீண்டும் நிறுவினான். அவனுடைய முதலமைச்சராக விளங்கியவர் தல்லபர் என்பார். அவர் மைந்தராகிய நாகதேவர் படைத்தலைவர். பல களம் கண்ட வீரர். இவருக்கே மல்லபய்யர் தம் மூத்த மகள் அத்திமப்பேயை மணம் செய்வித்தார். இளைய மகள் குண்டமப்பேயும் அந்நாளைய வழக்கப்படி நாகதேவருக்கே மனைவியானார். உடன்பிறந்தார் இருவரும் ஒரே இல்லத்தில் ஒருவரையொருவர் பிரியாது வாழ்ந்தனர். அத்திமப்பேக்கு அண்ணிகதேவன் என்னும் ஆண்மகவு பிறந்தது. படேவள தைலன் எனவும் இம்மைந்தன் அழைக்கப்பெற்றான்.

அமைச்சர் குடும்பத்து மருமகள் என்னும் பெருமையால் அவர் தம் ஒழுக்கத்தைத் தளர்த்தவில்லை. அருகன் வழிபாடு, முனிவர்க்கு உணவளித்தல், நோன்பு, சாஸ்திரம் கேட்டல் ஆகிய சிராவகக் கடன்கள் அவரிடம் நாள்தோறும் நிகழ்ந்தன. கணவரின் பணி போர். மனைவியின் பணி அறம். இவ்விரண்டும் ஒரு கூரையின் கீழ் இருந்தன. அவ்வில்லத்தின் இன்பம் நெடுங்காலம் நீடிக்கவில்லை.

பெருந்துயரும் அதனினும் பெரிய தெளிவும்

தைலபனுக்காகப் போரிட்ட நாகதேவர் களத்தில் உயிர் துறந்தார். அத்திமப்பே அப்போது இளம்பருவத்தினர், மைந்தனோ சிறுவன். இளையவராகிய குண்டமப்பே கணவரின் பிரிவைத் தாங்க மாட்டாது, அக்காலத்து மறக்குடியினர் சிலரிடையே இருந்த வழக்கப்படி தீப்புகுந்து உயிர் நீத்தார். ஒரே காலத்தில் கணவரையும் தங்கையையும் இழந்த அத்திமப்பேயின் நிலையை எழுத்தால் காட்டுதல் அரிது.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ண வேண்டும். சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரம், ஆற்றில் மூழ்குதல், மலையினின்று விழுதல், தீயில் வீழ்தல் ஆகியவற்றை அறமெனக் கொள்வதை உலக மூடம் என்று விலக்குகின்றது. அந்நூலைத் தழுவிய தமிழ் நூலாகிய அருங்கலச் செப்பை ஓதியவர்களுக்கு இது புதிதன்று. ஆயினும் நூலில் உள்ளது ஒன்று, நாட்டு வழக்கு மற்றொன்று. கணவனுடன் எரிபுகுவதைப் புகழும் உலகத்தின் நடுவே, அது செய்யாது உயிர் வாழ்வதற்குத் துணிவு வேண்டும். அதிலும் தங்கை புகழ்பெற்ற வழியைத் தான் ஏலாது விடுதல் எளிதன்று. ஊராரின் நாவுக்கு அஞ்சாத நெஞ்சமும், வினைப்பயனைத் துய்த்தே தீர வேண்டும் என்னும் தெளிவும் உடையவர்க்கே அது இயலும்.

தங்கையைப் பழித்தல் நம் நோக்கமன்று. அவருடைய அன்பு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. அத்திமப்பேயோ அன்பினை வேறொரு வழியில் செலுத்தினார். தாயற்ற பிள்ளையாக அண்ணிகதேவனை விடவில்லை. உடலைத் தீக்கு ஈயாது தவத்திற்கு ஈந்தார். நோன்புகளால் உடல் மெலிந்தார்; அணிகளைத் துறந்தார்; உண்டியைச் சுருக்கினார். மைந்தனை வளர்த்து, கல்வியும் படைப்பயிற்சியும் அளித்து, அரசனிடம் உயர் பதவி பெறும் நிலைக்கு உயர்த்தினார். தீயில் ஒரு நாழிகையில் முடிந்திருக்கக்கூடிய வாழ்வு, பின்னர் எத்தனை உயிர்களுக்கும் எத்தனை நூல்களுக்கும் நிழலாயிற்று என்பதே அவர் வரலாற்றின் எஞ்சிய பகுதியாகும்.

ஆயிரம் சுவடிகள்

பனையோலையில் எழுதிய நூலுக்கு ஆயுள் குறுகியது. பூச்சியும் ஈரமும் தீயும் அதற்குப் பகை. சில தலைமுறைகளுக்கு ஒருமுறை படியெடுக்காவிடில் நூல் தானே மறையும். நம் தமிழில் வளையாபதி முழுதும் கிடைக்காமல் சில செய்யுள்களே எஞ்சியதன் காரணமும் இதுவே. எத்துணைச் சிறந்த காவியமாயினும், அதனைப் படியெடுத்து வைப்பார் இல்லையேல் அது எழுதப்படாததற்கு ஒப்பாகும்.

பொன்னரின் சாந்திபுராணத்திற்கும் அந்நிலையே நேரக்கூடும் என்பதை அத்திமப்பே உணர்ந்தார். அதனை ஆதரித்த இராட்டிரகூடர் ஆட்சி வீழ்ந்துவிட்டது. எழுதுவித்த பெரியோர்களின் தலைமுறையும் மறைந்துகொண்டிருந்தது. நூலை அறிந்தோர் அருகி வந்தனர். தம் தந்தையும் சிற்றப்பனும் குருபக்தியால் பெற்றெடுத்த நூல் தம் கண்முன் மறைவதை அவர் பொறுக்கவில்லை. எழுத்தர்களைத் திரட்டி, தம் செலவில் அந்நூலுக்கு ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார்.

ஆயிரம் என்னும் எண்ணை இன்று அச்சகத்தில் ஒரு நாளில் முடித்துவிடலாம். அன்று அது எத்தகைய செயல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓலையை வெட்டி, பதப்படுத்தி, உலர்த்தி, மெருகிட்டு, ஓர் அளவாக நறுக்கித் துளையிட வேண்டும். எழுத்தாணி கொண்டு ஓர் எழுத்தும் பிழையாமல் எழுத வேண்டும். எழுதியபின் மை தடவி எழுத்தை விளக்கி, மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்த வேண்டும். பின்னர் கயிறு கோத்து, மரச்சட்டம் இட்டுக் கட்ட வேண்டும். பெருங்காவியம் ஒன்றை ஒருவர் ஒருமுறை எழுதி முடிக்கவே பல நாள்கள் செல்லும். அதனை ஆயிரம் மடங்காக்கினால், எத்தனை எழுத்தர் எத்தனை காலம் அமர்ந்து எழுதியிருப்பர்! அவர்கள் அனைவருக்கும் உணவும் ஊதியமும் அளித்தவர் கணவரை இழந்த ஒரு பெண்மணி.

உணவு, அடைக்கலம், மருந்து, சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானத்தின் பயன் தலைமுறைகளைக் கடந்து செல்வது. உணவு ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும். நூலோ இன்னும் பிறவாதவர்க்கும் பயன் தரும். நோன்பு நிறைவேறும் நாளில் சுவடி ஒன்றை எழுதுவித்துத் தானம் செய்யும் நல்வழக்கம் சிராவிகையரிடையே நெடுங்காலம் இருந்தது. மூடுபித்ரியில் காக்கப்பெற்ற சித்தாந்தச் சுவடிகளுள் ஒன்று, மல்லிகப்பே என்னும் அம்மையார் தம் நோன்பு நிறைவில் எழுதுவித்து அளித்ததே. இவ்வழியில் அனைவரினும் மேம்பட்டு நிற்பவர் அத்திமப்பே. அவர் காத்த சாந்திபுராணம் இன்றளவும் கன்னட மக்களின் கையில் உள்ளது.

கவிஞர்க்குக் காமதேனு

முதோள் என்று இன்று வழங்கும் ஊரில், வளையல் விற்கும் எளிய குடியில் பிறந்தவர் ரன்னர். கல்வியின் மேல் கொண்ட வேட்கையால் ஊரை விட்டுப் புறப்பட்டு, அசிதசேன ஆசாரியரை அடைந்து கற்றார். சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்புவித்த சாவுண்டராயர் இவரை ஆதரித்தார். பின்னர்ச் சாளுக்கிய நாட்டிற்கு வந்த ரன்னருக்குத் தைலபன் கவிச்சக்கரவர்த்தி என்னும் பட்டம் அளித்தான்.

இப்புலவர் அத்திமப்பேயின் ஆதரவில் இரண்டாம் தீர்த்தங்கரராகிய அசிதநாதரின் வரலாற்றைப் பாடினார். அதுவே கி.பி. 993இல் நிறைவேறிய அசிதபுராணம். தந்தை சாந்திநாதர் வரலாற்றை எழுதுவித்தார். மகள் அசிதநாதர் வரலாற்றை எழுதுவித்தார். தந்தையின் பணியைத் தொடர்வதற்கு ஆண்மகனே வேண்டும் என்பார்க்கு இதனினும் சிறந்த விடை இல்லை. பம்பர், பொன்னர், ரன்னர் என்னும் மூவரையும் கன்னட இலக்கியத்தின் இரத்தினத்திரயம் எனப் போற்றுவர். அம்மூவருள் ஒருவரது நூல் அழியாமல் காத்ததும் மற்றொருவரது நூல் பிறக்கச் செய்ததும் இவ்வம்மையாரே.

அத்திமப்பேயின் குடிவரலாற்றையும் ஒழுக்கத்தையும் ரன்னர் தம் புராணத்திலேயே விரித்துரைத்தார். இன்று நாம் அவரைப் பற்றி அறிவன பலவும் அந்நூலின் வாயிலாக வந்தனவே. அரசவைப் புலவர் செல்வரைப் புகழ்வது இயல்பு என்று சிலர் கருதலாம். ரன்னர் அதற்கும் மேலே ஒன்று செய்தார். தம் மகனுக்குச் சாவுண்டராயரின் நினைவாக ராயன் என்றும், தம் மகளுக்கு அத்திமப்பே என்றும் பெயரிட்டார். பரிசிலுக்காகப் பாடுவோர் பலர் இருக்கலாம். தாம் பெற்ற மகளை நாள்தோறும் அப்பெயரால் அழைப்பது உள்ளத்தில் எழுந்த நன்றியன்றி வேறன்று.

திருவுருவங்களும் திருக்கோயிலும்

பொன்னாலும் மணியாலும் ஆகிய 1,500 சினபிம்பங்களைச் செய்வித்துக் கோயில்களுக்கு அவர் அளித்தார் என்பது மரபு வழிச் செய்தி. இத்தகைய கொடைகளால் அவருக்குத் தானசிந்தாமணி என்னும் பெயர் வழங்கலாயிற்று. நினைத்ததை எல்லாம் அளிக்கும் தெய்வமணிக்குச் சிந்தாமணி என்று பெயர். சீவகன் வரலாற்றைச் சிந்தாமணி என்று போற்றும் தமிழ்ச் சமணர்க்கு இப்பெயரின் இனிமையை விளக்க வேண்டுவதில்லை.

தைலபனுக்குப் பின் இறிவபெடங்கன் சத்தியாசிரயன் அரசெய்தினான். அவன் காலத்தில் அத்திமப்பே லொக்கிகுண்டி என்னும் ஊரில் பிரம்ம சினாலயத்தை எழுப்புவித்தார். கி.பி. 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவர் கொடையையும் குணத்தையும் விரித்துரைக்கின்றது. இன்று லக்குண்டி என வழங்கும் அவ்வூர் கதக் நகரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர். மணற்கல்லை விடுத்து நுண்ணிய வேலைப்பாட்டிற்கு ஏற்ற மாக்கல்லைக் கொண்டு எழுப்பிய முற்காலக் கோயில்களுள் இதுவும் ஒன்று. கருவறையில் தீர்த்தங்கரர் வீற்றிருக்க, மண்டபத்தில் நான்முகப் பிரம்மனும் பத்மாவதி தேவியும் அழகுற நிற்கின்றனர். ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் கண்டும் அக்கோயில் நிலைபெற்றுள்ளது.

அக்காலத்தை அமைதியான காலம் என்று கருதற்க. அதே ஆண்டளவில் சோழர் பெரும்படை சாளுக்கிய நாட்டிற்குள் புகுந்து ஊர்களைப் பாழ்படுத்தியதைச் சத்தியாசிரயனின் ஹோட்டூர்க் கல்வெட்டு வருத்தத்துடன் கூறுகின்றது. தமிழராகிய நாம் சோழரின் வெற்றியை மட்டுமே படித்துப் பழகியவர்கள். அவ்வெற்றியின் மறுபுறத்தில் வீடிழந்தோரும் உறவிழந்தோரும் இருந்தனர் என்பதையும் அறிதல் அறமாகும். போரில் கணவரைப் பறிகொடுத்த ஒரு தாய், மீண்டும் போர் சூழ்ந்த நாளில், கொல்லாமையை ஓதிய பெருமானுக்குக் கல்லால் கோயில் எடுத்தார். வியப்பான ஒற்றுமை ஒன்றும் உண்டு. அதே தலைமுறையில் சோழ நாட்டிலும் இராசராசனின் தமக்கையாகிய குந்தவைப் பிராட்டியார், இன்றைய தாதாபுரத்தில் குந்தவை சினாலயம் எழுப்புவித்தார். ஆடவர் எதிரெதிரே படை நடத்திய காலத்தில், இருபுறத்துப் பெண்மணிகளும் ஒரே பெருமானுக்குக் கோயில் எடுத்தனர்.

மக்கள் உள்ளத்தில்

பெரியோரைச் சுற்றி அற்புதச் செய்திகள் வளர்வது உலக இயல்பு. அத்திமப்பேயைப் பற்றியும் கல்வெட்டும் மரபும் பல கூறுகின்றன. வெள்ளம் பெருகிய கோதாவரியில் சினபிம்பத்தைத் தாங்கி அவர் இறங்க, ஆறு வழிவிட்டது என்பர். மதம் கொண்ட யானை அவர்முன் பணிந்தது என்பர். கந்தோதகம் தெளிக்கப் பெருந்தீ அடங்கியது என்பர். கோமடேசுவரரைக் காணும் வரை உணவு கொள்ளேன் என நோன்பேற்று மலையேறிக் களைத்தபோது, பருவமல்லாக் காலத்தில் மழை பெய்து அவர் களைப்பைப் போக்கியது என்பர்.

இவற்றை நம்புவோர் நம்பலாம், ஆராய்வோர் ஆராயலாம். ஆறும் யானையும் தீயும் மழையும் ஒரு பெண்மணியின் ஒழுக்கத்திற்குக் கட்டுப்பட்டன என்று மக்கள் சொன்னார்கள் எனின், அவ்வொழுக்கத்தை அவர்கள் எத்துணை உயர்வாக மதித்தனர் என்பது தெளிவு. தீயில் வீழாது வாழ்ந்தவரின் சொல்லுக்குத் தீயே அடங்கியது என்று அம்மக்கள் கூறியது நம் சிந்தைக்குரியது.

பிற்காலக் கன்னடக் கல்வெட்டுகள் அறச்செயல் புரிந்த பெண்மணிகளைப் புகழும்போது அத்திமப்பேக்கு நிகரானவர் என்று கூறுவதை மரபாகக் கொண்டன. ஒருவரின் பெயரே அளவுகோலாக மாறுவதினும் பெரிய புகழ் யாது? நம் காலத்தில் கருநாடக அரசு பெண் எழுத்தாளர்களுக்குத் தானசிந்தாமணி அத்திமப்பே என்னும் பெயரால் விருது வழங்கி வருகின்றது.

நாம் கொள்ளத்தக்கது

அத்திமப்பே துறவு பூண்டு ஆர்யிகை ஆனவர் அல்லர். அரசாண்ட அரசியும் அல்லர். மகளாகத் தந்தையின் நூலைக் காத்தார்; மனைவியாகக் கணவரின் இல்லத்தை நடத்தினார்; தாயாக மைந்தனை வளர்த்தார். நம் வீட்டுப் பெண்மணிகள் நாள்தோறும் ஏற்று நடத்தும் கடன்களே இவை. இக்கடன்களுக்கு உள்ளேயே அவர் அறத்திற்கு இடம் கண்டார்.

தமிழ்நாட்டுச் சமண இல்லங்களும் இவ்வகைப் பெருமைக்கு உரியனவே. கும்பகோணத்துச் சமணர் சீவகசிந்தாமணியை இல்லங்களில் முறையாக ஓதிப் பொருள் அறிந்து பேணியமையால் அன்றோ, உ.வே. சாமிநாதையர் அவர்களிடம் ஐயம் தெளிந்து 1887இல் அதனைப் பதிப்பித்துத் தமிழுலகிற்கு அளிக்க முடிந்தது! நம் ஊர்களில், பரணிலும் பெட்டியிலும் பாட்டனார் காலத்து ஓலைச்சுவடிகளும் பழைய அச்சு நூல்களும் இன்னும் சில கிடக்கின்றன. அவற்றை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவோரும், வீடு மாற்றும்போது பழைய தாள் வாங்குவோரிடம் போடுவோரும் இன்றும் உளர். பொன்னும் மணியும் இழந்தால் மீண்டும் ஈட்டலாம். ஒரே படியாக எஞ்சிய நூலை இழந்தால் எவராலும் மீட்க இயலாது.

ஆயிரம் படிகள் எழுதுவிக்க நம்மால் இயலாது போகலாம். வீட்டில் உள்ள ஒரு சுவடியைத் தூசு தட்டி, அறிந்தாரிடம் காட்டி, படமெடுத்து வைக்க இயலும். குழந்தைகளை மாலையில் அருகே அமர்த்தி ஒரு பக்கம் ஓதக் கேட்க இயலும். நோன்பு நிறைவில் ஒரு நூலை ஒருவர்க்கு அளிக்க இயலும். லக்குண்டிக்குச் செல்லும் வாய்ப்புடையோர் பிரம்ம சினாலயத்தில் வணங்கும்போது, அதனை எழுப்பிய தாயையும் ஒருகணம் நினைப்பாராக.

அத்திமப்பே அம்மையாரின் புகழ் வாழ்க. அவர் காத்த நூலறம் நம் இல்லந்தோறும் தழைக்க.